கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவருக்கு ஒரு கதை

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. எழுதச் சொன்னார்கள். சொன்னவர் இந்தக் கதையின் நாயகியேதான். நான் எழுதி முடித்ததும் வாங்கிப் படிப்பாராம். முடிவில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே தன் வீட்டில் செய்துவிடுவாராம். கதை எழுதுகிறவனை இப்படி மிரட்டலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் கவியரசன். அப்பா ஆசைப்பட்டு வைத்த பெயர். அந்தப் பெயரோடு நான் ஹெப்பகோடியில் அறை எடுத்துத் தங்கி, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மற்றவர்கள் செய்து வைத்ததில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறேன். நான் இதுவரை எழுதியதெல்லாம் 'பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை' என்கிற வகை இலக்கியம். ஆனாலும் எழுதத்தான் வேண்டும். காந்தா மேடத்திடம் முடியாது என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அவர் மாநில அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், அது போதும்.

முதல் தொடக்கம்: 'காக்ஸ் டவுன் பூங்காவில் மரங்கள் பூத்துக் குலுங்கிய ஒரு மாலையில்…' [வேண்டாம். பெங்களூரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் மரத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்.]

இரண்டாம் தொடக்கம்: 'டிராகன் அழுதது.' [எந்த டிராகன், ஏன் அழுதது என்று விளக்க ஏழு பாகம் ஆகும்.]

மூன்றாம் தொடக்கம்: 'காந்தா மேடத்தின் வீட்டில் அதுவரை பால் பொங்கி வழிந்ததே இல்லை.' இது பரவாயில்லை. கதை உண்மையிலேயே அந்தப் பாலில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் பால் ஏன் பொங்கியது என்று புரிய வேண்டுமானால், முதலில் எங்கள் வட்டத்தின் கிறுக்குத்தனம் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

2

யாளி வட்டம் என்பது மாயாஜாலத் தொடர்கள் படிக்கிறவர்களின் கூட்டம். ஒரு டிராகன், ஒரு வாள், வாளுக்கு ஒரு பெயர், பெயருக்குப் பின்னால் ஒரு சாபம். இவை இருந்தால் எதையும் படிப்போம். ஞாயிறு மாலைகளில் காக்ஸ் டவுனில் ஒரு பூங்காவில் கூடுவோம். தலையணை மொத்தத்துக்குப் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, நடக்க வருகிறவர்கள் நாங்கள் ஏதோ நுழைவுத் தேர்வுக்குப் படிப்பதாக நினைத்துப் பரிதாபப்படுவார்கள். காந்தா மேடத்துக்கு அறுபது தாண்டிவிட்டது என்பது அவர்களுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

இங்கே கொஞ்சம் கட்டுரை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு ஒரு ஓட்டலைப் பரிந்துரைத்து அது சரியில்லை என்றால் ஒரு வேளைச் சாப்பாட்டோடு நம் மேல் வந்த கோபம் தீர்ந்துவிடும். தொடர் நாவலைப் பரிந்துரைப்பது அப்படியில்லை. 'மொதல் பாகம் கொஞ்சம் இழுக்கும், மூணாவதுலேர்ந்து பிச்சிக்கும்' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். சொல்லும்போது அந்த ஆளுடைய அரை வருடத்து விடுமுறை நாட்களை எடுத்துக்கொள்கிறோம் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. நாலாம் பாகத்தில் அவர் நிறுத்திவிட்டால் அப்புறம் எதிரே வரும்போது இருவருமே செல்போனைப் பார்த்துக்கொண்டு கடந்து போக வேண்டியதுதான். இன்னும் சில மகா பாவிகள் உண்டு, எழுத்தாளரே பாதியில் விட்டுவிட்ட தொடரை நமக்குப் பரிந்துரைத்து, நாம் ஐந்து பாகம் படித்து முடித்த பிறகு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே [இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். மூச்சு வாங்குகிறது.]

அதனால் எங்கள் வட்டத்தில் சில சட்டங்கள் உண்டு. தொடரைப் பரிந்துரைப்பவர் எல்லாப் பாகங்களையும் தன் வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும். படிக்கிறவர் ஒவ்வொரு பாகத்துக்கும் அந்த வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, காபி குடித்து, படித்த பாகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அடுத்ததை வாங்கிக்கொண்டு வர வேண்டும். முன்பெல்லாம் மொத்தமாக ஒரே பையில் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருவர் அந்தப் பையோடு கனடாவுக்குப் போய்விட்டார்.

அடுத்த சட்டம்: ஒருவர் இன்னொருவருக்கு ஒரே ஒரு தொடர்தான் பரிந்துரைக்கலாம். இல்லாவிட்டால் வட்டம் ஜோடி ஜோடியாகப் பிரிந்துபோகும் என்று ரக்ஷா பயந்தாள். இவள் எங்கள் செயலாளர். ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள், சட்டம் போடுவது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி.

கடைசிச் சட்டம்: மற்றவர் இன்னும் படிக்காத பாகத்தில் நடப்பதை யார் உளறினாலும், அடுத்த கூட்டத்தில் எல்லாருடைய காபி டம்ளரையும் அவர்தான் கழுவ வேண்டும்.*

* பூங்காவின் குழாய் செடிகளுக்குப் பின்னால் இருக்கிறது. கொசு பிய்த்துவிடும். சின்னத் தண்டனை என்று நினைத்துவிடாதீர்கள்.

3

லாயிட் என்கிற பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் உயிரோடு விவேக் நகரில் இருக்கிறார், நானே அவரோடு டீ குடித்திருக்கிறேன். இருந்தாலும் காகிதத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் நான் இட்டுக்கட்டியது போலவே இருக்கிறார்.

கோயில் திருநாள்களுக்கும் கல்யாணங்களுக்கும் மைக் செட், சீரியல் பல்பு செட் போடுகிற தொழிலில் இருந்தவர் லாயிட். இப்போது அதை அண்ணன் மகன் பார்த்துக்கொள்கிறான். மனைவி இறந்துவிட்டார், மகள் மஸ்கட்டில். ஒரு ஞாயிறு பூங்காவில் நாங்கள் உட்காரும் பெஞ்சில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். காந்தா மேடம் அவரை எழுப்பப் பார்த்தார். அவர் எழுந்திருக்கவில்லை. மேடத்தின் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்து,

"இன்னா மேடம் இது, டிக்‌ஷ்னரியா?" என்றார்.

"கதை. மொத்தம் ஏழு பாகம்."

"ஒரே கதைக்கு ஏழா? எழுதினவருக்கு வேற வேலையே இல்லியா?"

"படிச்சுப் பாத்துட்டு திட்டுங்க. படிக்காம திட்டறவங்க நம்ம ஆபீஸ்ல நிறைய பேர் இருந்தாங்க. எனக்கு அது ஆகாது."

இப்படித்தான் அந்தத் தொடர் லாயிட்டுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதை நாம் 'துருக்கோட்டை' என்று வைத்துக்கொள்வோம். உண்மையான பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த பகுதியில் வரும் சாவை நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வீர்கள், எனக்கு டம்ளர்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் லாயிட் விவேக் நகரிலிருந்து ஜீவனஹள்ளிக்கு, மேடத்தின் வீட்டுக்கு வந்தார். சட்டப்படி பாகம் முடிந்தால் வந்தால் போதும். இவர் 'சந்தேகம் கேக்கணும்' என்று வாராவாரம் வந்தார். சந்தேகங்கள் இப்படி இருந்தன:

"அவ்ளோ பெரிய கோட்டைக்கு வெறும் தீப்பந்தம் வச்சிக்கினு இருக்கான். ஒரு திருநா வந்தா இன்னா பண்ணுவான்? லோடு பத்தாது மேடம்."

"அந்த மந்திரவாதி மழை பெய்ய வைக்கிறான், சரி. அப்பறம் ஏன் ஒவ்வொரு பாகத்துலயும் நனைஞ்சிக்கினே வரான்?"

பத்து வருடமாக அந்தத் தொடரைப் பலருக்குப் பரிந்துரைத்த காந்தா மேடம் இந்தக் கேள்விகளை யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. எனக்கு போன் செய்து ஒப்பித்துவிட்டுச் சிரிப்பார். நான் அவருடைய சிரிப்பைக் கேட்டதே அப்போதுதான்.

[இந்த இடத்தில் லாயிட் என்னிடம் தனியாகக் கேட்ட ஒரு விஷயத்தை எழுதி, அடித்துவிட்டேன். போன வாரம், பேருந்து நிறுத்தத்தில். அதை இப்போது சொன்னால் உளறல் சட்டத்தின் கீழ் வரும்.]

4

ஆறாம் பாகத்தில் லாயிட் நின்றுவிட்டார்.

அது நடந்தது காந்தா மேடம் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்காக மைசூருக்குப் போய்த் திரும்பிய பிறகு. "எங்க வந்திருக்கீங்க?" என்று கேட்டால், "ஆறாவதுலதான் மேடம், மெதுவா போவுது" என்பார். மாதக்கணக்கில் அதே பதில். ஆனால் ஞாயிறு தவறாமல் வந்தார், கையில் பன் பொட்டலத்தோடு. கேள்விகள் மட்டும் குறைந்துவிட்டன. மேடத்துக்கு வருத்தம். பரிந்துரைத்த தொடர் அறுக்கிறது போலிருக்கிறது, மரியாதைக்காக மனுஷன் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தார்.

அப்புறம் ஒரு ஞாயிறு. மேடம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கிறார். லாயிட் சமையலறை வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தெருவில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்காகக் குதிரையை நடத்திக்கொண்டு போகிறார்கள். ஜன்னல் வழியாக அதைப் பார்த்த லாயிட், யோசனையில்லாமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரிச் சொன்னார்:

"பாவம் மேடம் அந்தக் குதிர. கண்ண மூடறதுக்கு முன்னாடி அந்த ராணியோட கைய மோந்து பாத்துச்சு பாரு. நான் புக்க மூடி வச்சிட்டு கொஞ்ச நேரம் வெளிய போயி நின்னேன்."

துருக்கோட்டையில் குதிரை ஏழாம் பாகத்தில்தான் சாகிறது. கடைசிப் பாகத்தில். அந்த ஏழாம் பாகம் காந்தா மேடத்தின் அலமாரியை விட்டு லாயிட்டின் கைக்குப் போகவே இல்லை.

பால் பொங்கியது.

[இதை எழுதத் தயக்கமாக இருந்தது. மனசு பொங்கும்போது பாலும் பொங்குவது பழைய சினிமாவில்தான் நடக்கும். ஆனால் உண்மையில் பொங்கியது. அடுப்பைச் சுற்றித் துடைத்தது மேடம். லாயிட் துணி எடுத்துக் கொடுத்தார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியவே இல்லை.]

[இன்னொன்று. அது குதிரை இல்லை. வேறொரு மிருகம். சொன்னால் எந்தத் தொடர் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். தெருவில் போனது மட்டும் குதிரைதான். மேடத்தின் சந்தேகம் தீர்ந்த இடத்தில் உங்களுக்கும் வசதியாக இருக்கட்டும் என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன்.]

தப்புக் கண்டுபிடிப்பது என் தொழில் என்பதால் மேடத்திடம் குறுக்கே கேட்டேன். இணையத்தில் கதைச் சுருக்கம் படித்திருப்பாரோ?

"போடா. அங்க போட்டா குதிரை செத்துப்போச்சுன்னு போடுவான். கைய மோந்து பாத்துச்சுன்னு யார் போடுவான்? அதுக்கு முழுசா படிச்சிருக்கணும்."

ஆக, நடந்தது இப்படி இருக்க வேண்டும் (இது என் கற்பனை, சாட்சி இல்லை): ஆறாம் பாகம் ராணி மலை விளிம்பில் தொங்குவதோடு முடிகிறது. மேடம் மைசூரில். இரண்டு ஞாயிறு பொறுக்க முடியாமல் லாயிட் எங்கோ ஒரு பழைய புத்தகக் கடையில் ஏழாவதை வாங்கிப் படித்து முடித்துவிட்டார். முடித்த பிறகுதான் அவருக்குக் கணக்கு விளங்கியிருக்கிறது. ஏழாவதை வாங்கிக்கொண்டால், திருப்பிக் கொடுத்தால், தொடர் தீர்ந்தது. மேடம் அவருக்கு இன்னொரு தொடர் பரிந்துரைக்கச் சட்டத்தில் இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜீவனஹள்ளிப் பக்கம் வர அவருக்கு வேறு காரணமும் இல்லை.

அதனால் ஆறாவதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

5

இப்போது அவசரம் ஏன் என்று சொல்ல வேண்டும். போன கூட்டத்தில் ரக்ஷா கையைத் தூக்கினாள்.

"காந்தா ஆன்ட்டி, லாயிட் அங்கிள் எவ்ளோ நாளா சிக்ஸ்த் வால்யூம்லயே இருக்காரு? அடுத்த சண்டேக்குள்ள செவன்த் வாங்கலன்னா அது கைவிட்ட தொடர்தான். ரிட்டர்ன் பண்ணிட்டு வேற ரீடர் பாத்துக்கலாம். ரூல்னா ரூல்."

லாயிட் அன்று வரவில்லை. கூட்டம் முடிந்ததும் காந்தா மேடம் என்னைச் செடிகளுக்குப் பின்னால் கூப்பிட்டார், குழாயடிக்கு. நான் ஏதோ உளறிவிட்டேனோ என்று பயந்துகொண்டே போனேன். அங்கேதான் மேலே சொன்னதையெல்லாம் சொன்னார். கொசு அடித்துக்கொண்டே சொன்னார்.

"புக்கைக் குடுத்தா முடிஞ்சுபோகும். எனக்குத் தெரியும்னு சொன்னா கூச்சப்பட்டுட்டு அந்தாளு இந்தப் பக்கமே வர மாட்டாரு. சும்மாவே இருந்தா இந்தப் பொண்ணு விட மாட்டா. நான் என்ன பண்ணட்டும், நீ சொல்லு."

"எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

"நீ கதையா எழுது. இத்தன வருஷம் இத்தன தடித்தடி புக் படிச்சோமே, இதுக்கு ஒரு முடிவு எழுத வராதா உனக்கு? எழுதிக் குடு. அதுல இருக்கறபடி செய்யறேன்."

இங்கே ஒரு சிக்கல். காந்தா மேடம் எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். முடிவு தெரிந்த பிறகுதான் முதல் பக்கம். கேட்டால், 'ஆபீஸ்ல ஃபைலை எப்பவும் கடைசி நோட்டிங்லேர்ந்துதான் பிரிப்போம், அந்தப் பழக்கம்' என்பார். அது காரணமில்லை என்று எல்லாருக்கும் தெரியும். அவருடைய கணவர் நாணு சார் ஒரு காலை பால் பாக்கெட் வாங்கப் போனார். கடை வாசலிலேயே விழுந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் மேடத்துக்கு இந்தப் பழக்கம் வந்தது. எது எப்படி முடியும் என்று தெரியாமல் எதற்குள்ளும் அவர் கால் வைப்பதில்லை.

[இந்தப் பத்தியை இரண்டு முறை எடுத்தேன், இரண்டு முறை திரும்பச் சேர்த்தேன். மேடம் கோபித்துக்கொள்வார். ஆனால் இது இல்லாமல் நான் ஏன் இப்படித் திணறுகிறேன் என்று உங்களுக்குப் புரியாது.]

6

முடிவு அ: காந்தா ஏழாம் பாகத்தை லாயிட்டின் கையில் வைக்கிறார். அவர் அதை வாங்கிக்கொண்டு தலையைக் குனிகிறார். கதவு மெல்லச் சாத்தப்படுகிறது. [இதற்குப் பேர் கதையா? இப்படி முடிகிற புத்தகத்தை நானே ஜன்னல் வழியாக எறிவேன்.]

முடிவு ஆ: ரக்ஷாவிடம், வேறு யாருக்கோ நடந்ததாகச் சொல்லி யோசனை கேட்டேன். அவள் படிப்பதெல்லாம் தேவதை இளவரசர்கள் மழையில் நின்று காதலைச் சொல்கிற தொடர்கள். "இதுல என்ன டவுட்? அவர் முழங்கால் போட்டு ப்ரபோஸ் பண்ணணும்" என்றாள். லாயிட்டுக்கு முட்டி வலி. போட்டால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். தவிரவும் இது கல்யாணக் கதையா என்று எனக்கே தெரியாது. ஒருவர் வருவதற்காக இன்னொருவர் பால் வைக்கிறார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முடிவு இ: காந்தா சொல்கிறார், "லாயிட், குதிரை எந்தப் பாகத்துல செத்துச்சு?" லாயிட் டம்ளரைக் கீழே வைக்கிறார். அவர் முகம்

[இந்த இடத்தில் நின்றுவிட்டேன். லாயிட்டின் முகம் எப்படி ஆகும் என்று எனக்கு எழுத வரவில்லை. வெட்கப்படுவாரா, சிரிப்பாரா, எழுந்து போய்விடுவாரா? நான் எழுதிவிட்டால் மேடம் அந்த முகத்தை எதிர்பார்த்துக்கொண்டு கேள்வியைக் கேட்பார். வேறு முகம் வந்தால் என்ன செய்வார்? ஒரு மனுஷியின் ஞாயிற்றுக்கிழமைகளை வைத்துச் சோதனை ஓட்டம் நடத்த எனக்கு உரிமை இல்லை. எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.]

முடிவு ஈ: டிராகன் வந்து எல்லாரையும் தூக்கிக்கொண்டு போகிறது. ரக்ஷாவை முதலில்.

பேருந்தில் ஹெப்பகோடிக்குத் திரும்பும்போது நாலு முடிவையும் மறுபடி படித்தேன். நாலிலும் ஒரே தப்பு. நாலிலும் முடிவு செய்கிறவர் காந்தா மேடம் ஒருவர் மட்டும்தான். லாயிட் முக்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார், கொடுத்ததை வாங்கிக்கொள்ள. ஆனால் நிஜ லாயிட் அப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அது எனக்கு ஒரு வாரமாகத் தெரியும்.

7

காந்தா மேடம், வணக்கம்.

நீங்கள் முதலில் இந்தப் பக்கத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். முன்னால் இருப்பதையெல்லாம் அப்புறம் படித்துத் திட்டிக்கொள்ளலாம். (மற்ற வாசகர்கள் மேடத்தின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பாருங்கள். சத்தம் மட்டும் வேண்டாம்.)

நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இங்கே எழுதவில்லை. ஏழாம் பாகத்தைக் கொடுப்பதா, குதிரையைப் பற்றிக் கேட்பதா என்பது உங்கள் சமையலறை விவகாரம். எனக்கு அதில் முடிவு எழுத வரவில்லை, எழுதவும் மாட்டேன். ஆனால் வட்டத்தின் சட்டத்தை மீறி ஒரே ஒரு உளறல் மட்டும் உளறப் போகிறேன். அடுத்த கூட்டத்தில் டம்ளர்களை நானே கழுவுகிறேன்.

போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் லாயிட் என்னைப் பிடித்துக்கொண்டார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, உங்க ரூல்ல, வாங்கிப் படிக்கிறவன் திருப்பி அவங்களுக்கு ஒரு தொடர் சொல்லலாமா?"

சொல்லலாம் என்றேன். சட்டத்தில் தடை இல்லை. இதுவரை யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"அப்போ ஒண்ணு சொல்லு. கடைசிப் பக்கத்த மொதல்ல படிக்கிறவங்களுக்கு. அந்தப் பக்கத்துல யாரும் செத்திருக்கக் கூடாது. பாகம் மட்டும் நிறைய இருக்கணும்."

எனக்குத் தெரிந்ததிலேயே நீளமான தொடரைச் சொன்னேன், பதினாலு பாகம். முதல் பாகம் கொஞ்சம் இழுக்கும் என்றும் சொன்னேன். பரவாயில்லை, இழுக்கட்டும் என்றார். இந்த ஞாயிறு பூசை முடிந்து அவர் வரும்போது கையில் பன் பொட்டலத்தோடு ஒரு துணிப்பையும் இருக்கும். பையில் முதல் பாகம் மட்டும்தான் இருக்கும், மேடம். மீதி பதின்மூன்றும் விவேக் நகரில், அவர் வீட்டில் இருக்கின்றன.